தூய இனம் என்று விற்கப்பட்ட கலப்பினக் கோழிக்குஞ்சுகள் தொடர்பான முறைப்பாடு

களுவாஞ்சிக்குடி,
மட்டக்களப்பு.
2025.11.12

முகாமையாளர்,
குஞ்சு விற்பனைப் பிரிவு.

ஐயா / அம்மணி,

தைப்பொங்கல் முடிந்த கையோடு தங்கள் நிறுவனத்திடம் ‘தூய ரோட் ஐலண்ட் ரெட்’ என்று பத்துப் பெட்டைக்குஞ்சும் இரண்டு சேவல் குஞ்சும் வாங்கினேன். குஞ்சு ஒன்றுக்கு 1,500 ரூபா வீதம் 18,000 ரூபா வங்கியில் வைப்பிலிட்டேன். சேவல்கள் இரண்டிலும் எனக்குக் குறையில்லை. பெட்டைகள் பத்தும் தூய இனமல்ல, கலப்பினம். அதற்கான ஆதாரங்களைக் கீழே எழுதுகிறேன்.

நான் ஏன் தூய இனம் தேடினேன் என்பதை முதலில் சொல்லவேண்டும். எங்கள் வளவில் பெரிய பண்ணை இல்லை. கம்பி வலை அடித்த ஒரு கூடும், மாரியில் வெள்ளம் ஏறாதபடி கால் உயர்த்திப் போட்ட பலகைத் தட்டும்தான் இருக்கின்றன. முட்டைக்கு மட்டும் கோழி வேண்டுமென்றால், நீங்களே 500 ரூபாவுக்கு விற்கும் கலப்பினப் பெட்டைகளை வாங்கியிருப்பேன். அவை நல்ல கோழிகள், நல்ல தீன் கொடுத்தால் ஆண்டுக்கு முந்நூறு முட்டை அளவில் இடும். ஆனால் அவற்றின் முட்டையைப் பொரிக்கவைத்தால் தாயின் குணம் குஞ்சுக்கு அப்படியே வராது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மறுபடியும் உங்களிடம் வந்து காசு கட்டவேண்டும். தூய இனமென்றால் முட்டை கொஞ்சம் குறைந்தாலும் குஞ்சு தாயைப்போலவே வரும், அடுத்த தலைமுறையை என் வளவிலேயே எடுக்கலாம். பக்கத்து வீட்டு இரண்டு அக்காமாரும் இதில் பங்கு போட்டார்கள். மூன்று மடங்கு விலை கொடுத்தது இதற்காகத்தான். விதைநெல் என்று காசு வாங்கிக்கொண்டு குத்தரிசிக்கு வைத்த நெல்லைக் கட்டிக்கொடுத்தால் விவசாயி எப்படி நிற்பானோ, அப்படித்தான் நாங்கள் மூன்று வீட்டாரும் நிற்கிறோம்.

குஞ்சுகள் நன்றாகவே வளர்ந்தன. தடுப்பூசியெல்லாம் கால்நடை வைத்திய அலுவலகத்தில் கேட்டு நேரத்துக்குப் போட்டோம். நாலு மாதமளவில் இறகு நிரம்பியபோது பெட்டைகளின் உடல் வெளிறிய செம்மஞ்சளாகவும் கழுத்து இறகில் கரும் கோடாகவும் தெரிந்தது. ரோட் ஐலண்ட் ரெட் என்றால் உடல் முழுக்க அடர்ந்த செம்பழுப்பாகவும் வால் கறுத்துப் பச்சை மினுக்கத்தோடும் இருக்கவேண்டும். தங்கள் விற்பனையாளரிடம் தொலைபேசியில் கேட்டேன். “வெயிலுக்கு நிறம் மங்கும் அக்கா, ஒண்டும் யோசிக்காதிங்க” என்றார். வெயிலில் இறகு மங்குவது உண்மைதான். அதனால் ஒரு பெட்டையைப் பிடித்து மடியில் வைத்து, முதுகு இறகை எதிர்ப்பக்கம் தள்ளிப் பார்த்தேன். தோலை ஒட்டிய பஞ்சு இறகு பால்வெள்ளையாக இருந்தது. அந்த இடத்துக்கு வெயில் போவதில்லை. நல்ல ரோட் ஐலண்ட் ரெட் கோழிக்கு அடி வரை சிவப்பு ஓடும். பத்திலும் பார்த்தேன், பத்தும் அப்படியே.

அடுத்தது கால். இந்த இனத்துக்குக் காலும் தோலும் மஞ்சள். என் பெட்டைகளின் கால் வெள்ளை கலந்த இளஞ்சிவப்பு. முட்டையிட இட மஞ்சள் வெளுக்கும் என்று தங்கள் ஊழியர் இரண்டாம் முறை விளக்கம் சொன்னார். அதுவும் பொதுவாகச் சரியான பேச்சுத்தான். ஆனால் அப்போது என் பெட்டைகளில் ஒன்றுகூட முட்டையிடத் தொடங்கியிருக்கவில்லை. அதே தீன் தின்று அதே கூட்டில் வளர்ந்த இரண்டு சேவலுக்கும் கால் நல்ல மஞ்சள்.

பிறகு பெட்டைகள் முட்டையிடத் தொடங்கின. ஆவணியில் அந்த முட்டைகளை ஊர்க்கோழிக்கு அடை வைத்தேன். இருபத்தோராம் நாள் குஞ்சுகள் பொரித்தன. இப்போது அவை இறகு மாறி நிற்கின்றன. சில கடும் சிவப்பு, சில வைக்கோல் நிறம், சிலவற்றின் கழுத்தில் கறுப்பு. ஏறத்தாழப் பாதிக்கு மஞ்சள் கால், மீதிக்கு வெள்ளைக் கால். தூய சேவலோடு தூய பெட்டை சேர்ந்திருந்தால் இப்படிப் பிரிந்து வராது. லைட் சசெக்ஸ் போன்ற வெள்ளைக் கால் இனத்துப் பெட்டையோடு ரோட் ஐலண்ட் ரெட் சேவலைச் சேர்த்து எடுத்த குஞ்சுகளையே எனக்கு அனுப்பியிருக்கிறீர்கள் என்பது என் முடிவு. எங்கள் பகுதிக் கால்நடை வைத்தியரும் பார்த்துவிட்டுக் கலப்பு என்றுதான் சொன்னார்.

இதைவிடப் பெரிய ஆதாரம் உங்கள் வாயாலேயே வந்தது. “பெட்டை என்று எப்படி உறுதியாகச் சொல்கிறீர்கள்” என்று வாங்கும்போதே கேட்டிருந்தேன். “நிறத்தைப் பார்த்துப் பிரிக்கிற குஞ்சு அக்கா, பிழைக்காது” என்று வட்ஸ்அப்பில் எழுத்திலேயே பதில் தந்தார்கள். ரோட் ஐலண்ட் ரெட் என்று விற்கும் குஞ்சைப் பொரித்த அன்றே நிறத்தை வைத்துப் பிழையில்லாமல் பால் பிரிக்கலாம் என்றால் அது கலப்பினம். லைட் சசெக்ஸ் போல, இறகின் சிவப்பை மறைத்து வெள்ளையாக்கும் ‘வெள்ளி’ என்ற பரம்பரை நிறக்கூறுள்ள தாய் அந்தக் கூறைச் சேவல் குஞ்சுக்கு மட்டுமே கொடுக்கும். அதனால்தான் சிவப்புச் சேவலோடு சேர்த்தால் சேவல் குஞ்சு வெளிர்மஞ்சளாகவும் பெட்டைக்குஞ்சு செம்பழுப்பாகவும் பொரிக்கும். தாயும் தகப்பனும் சிவப்பான தூய ரோட் ஐலண்ட் ரெட்டில் இருபால் குஞ்சும் சிவப்பு. அதில் பால் பிரிக்கப் பழகிய ஒருவர் குஞ்சைக் கையிலெடுத்து ஆசனவாயைப் பார்த்தாகவேண்டும். தினமும் குஞ்சு பொரிக்கும் நிறுவனத்துக்கு இது தெரியாது என்று நான் நம்பத் தயாரில்லை.

எனக்கு வேண்டியது இதுதான். பெட்டைகளுக்காக வாங்கிய 15,000 ரூபாவில், கலப்பினக் குஞ்சுக்கு நீங்களே வைத்திருக்கும் விலையான 5,000 போக, மீதி 10,000 ரூபாவைத் திருப்பித் தரவேண்டும். கோழிகளைத் திருப்பி அனுப்பமாட்டேன். அவை எங்கள் கையில் தின்று வளர்ந்தவை, முட்டையும் இடுகின்றன. அல்லது, தாய்க்கோழிகளும் சேவலும் எந்த இனம் என்று கையொப்பமிட்ட கடிதத்தோடு பத்துத் தூய பெட்டைக்குஞ்சுகளைத் தாருங்கள். பணமா குஞ்சா என்பதைத் தீர்மானிப்பது நாங்களாக இருக்கவேண்டும். விளம்பரத்திலும் பற்றுச்சீட்டிலும் ‘தூய’ என்ற சொல்லை இந்தக் குஞ்சுகளுக்குப் போடுவதை உடனே நிறுத்துங்கள்.

இன்னொரு விடயம். நூறு குஞ்சுப் பெட்டி எடுத்தால்தான் விலைக்கழிவு என்கிறீர்கள். எங்களைப்போல் பத்துப் பன்னிரண்டு கோழி வளர்க்கும் பெண்கள் இந்தக் கரையோரம் நிறையப் பேர். எங்களுக்குக் கட்டுபடியாகக்கூடியது தூய இனத்தின் கரு முட்டை. உமியில் பொதிந்து இரவு பஸ்ஸில் அனுப்பினால் காலையில் வந்து சேரும். கூர்முனை கீழே இருக்க ஒரு நாள் அசையாமல் வைத்துவிட்டு அடை வைக்கலாம். இட்டு ஒரு கிழமைக்கு உட்பட்ட முட்டையாக இருந்தால் போதும். அடைகாக்க எங்களிடம் ஊர்க்கோழி இருக்கிறது. பெட்டையும் சேவலும் சரிபாதியாக வந்தாலும் பரவாயில்லை, சேவல் கறிக்காகும். இதை நேர்மையாகச் செய்தால் நாங்களே ஆள் சேர்த்துத் தருவோம்.

பற்றுச்சீட்டு, வங்கி வைப்புச்சீட்டு, வட்ஸ்அப் பதிலின் படம், கோழிகளின் படங்கள் எல்லாவற்றின் பிரதியும் இத்துடன் வருகின்றன. இரண்டு கிழமைக்குள் எழுத்தில் பதில் கிடைக்காவிட்டால், 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையில் இதே ஆவணங்களோடு முறைப்பாடு செய்வேன். பங்கு போட்ட இருவரும் என்னோடு கையொப்பமிடுவார்கள்.

இப்படிக்கு,
உண்மையுள்ள,
தங்கள் வாடிக்கையாளர்
(மூன்று வீட்டார் சார்பிலும்)