துண்டுக் கணக்கை விடுங்கள், கப்பலின் வயிற்றைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

லெகோ கற்களில் கட்டிய பாய்மரப் போர்க்கப்பல் ஒன்றின் படத்தை உங்கள் சிறுவர் பக்கத்தில் பார்த்தேன், ரொம்ப சந்தோஷம். ஆனால் படத்துக்குக் கீழே இருந்த குறிப்பு முழுக்க எத்தனை துண்டுகள், கட்டி முடிக்க எத்தனை மாதம் ஆனது என்பதையே சொல்லிக்கொண்டிருந்தது. இந்த வேலையில் ஊறிப்போன எனக்கு அது பெரிய குறையாகப் பட்டது. குறைந்த துண்டுகளில் அருமையான கப்பலும் உண்டு, துண்டுகளை வாரி இறைத்தும் வெறும் பெட்டி மேல் மூன்று கம்பு நட்டதுபோல் நிற்பதும் உண்டு. எது எந்த ரகம் என்று தெரிந்துகொள்ள பாய்களைப் பார்க்கவே வேண்டாம், கப்பலின் வயிற்றைப் பார்த்தால் போதும்.

லெகோ கல்லுக்கு வளைவு தெரியாது. கல்லின் மேலே துருத்தி நிற்கும் குமிழ்களில் ஒன்றிலிருந்து அடுத்ததற்கு 8 மி.மீ., கல்லின் உயரம் 9.6 மி.மீ., தட்டைக் கல் என்றால் அதில் மூன்றில் ஒரு பங்கு, 3.2 மி.மீ. எல்லாமே நேர்கோடு, செங்கோணம். போர்க்கப்பலிலோ நேர்கோட்டைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அடியில் குறுகி, நீர்மட்டத்தை ஒட்டி வெளியே உப்பி, அதற்கு மேலே போகப் போக பக்கச்சுவர் உள்பக்கமாகச் சாயும். முன்பக்கம் நாம் நினைப்பதுபோல் கத்தி மாதிரி கூர்மையாக இருக்காது, 18-ஆம் நூற்றாண்டுக் கப்பல்களில் நன்றாக உருண்டு தடித்தே இருக்கும். மேல்தளம்கூட தட்டையாக இல்லாமல் இரண்டு முனைகளிலும் லேசாக மேலே ஏறும்.

இதெல்லாம் அழகுக்காகச் செய்தது என்று நினைத்துவிடக் கூடாது. பீரங்கி என்பது டன் கணக்கில் கனக்கும் பொருள், அதை மேல்தளங்களில் ஓரமாக வைத்தால் கப்பல் சாயும், அதனால்தான் மேலே போகப் போகச் சுவரை உள்ளே இழுத்து எடையை நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தார்கள். எடைக் கணக்கு தப்பினால் என்ன ஆகும் என்பதற்கு சுவீடனின் வாசா கப்பலே சாட்சி. 64 பீரங்கிகளுடன் 1628 ஆகஸ்ட் 10 அன்று ஸ்டாக்ஹோமில் முதல் பயணம் புறப்பட்டது, காற்று கொஞ்சம் வேகமாக அடித்ததும் சாய்ந்தது, கீழ்வரிசை பீரங்கி ஜன்னல்கள் திறந்திருந்ததால் அவற்றின் வழியே தண்ணீர் புகுந்து கரையிலிருந்து பார்க்கும் தூரத்திலேயே மூழ்கிப்போனது. 1961-இல்தான் மேலே தூக்கினார்கள். இந்தக் கதை தெரிந்த பிள்ளை, கீழ்வரிசை ஜன்னலை நீர்மட்டத்தை ஒட்டி வைக்காது, எவ்வளவு மேலே வைக்க வேண்டும் என்று யோசிக்கும். எனக்கு அந்த யோசனைதான் முக்கியம்.

சரி, சதுரக் கல்லில் இந்த வளைவை எப்படிக் கொண்டுவருவது? பக்கச்சுவரைத் தனிப் பலகையாகக் கட்டி, கீல் துண்டுகளில் மாட்டி உள்ளே சாய்ப்பது ஒரு வழி. கல்லைப் பக்கவாட்டில் திருப்பிக் கட்டுவது இன்னொன்று. ஐந்து தட்டைக் கற்களை அடுக்கினால் 16 மி.மீ., இரண்டு குமிழ் அகலமும் அதே 16 மி.மீ., ஆகவே திருப்பி வைத்த பகுதி துளி இடைவெளி இல்லாமல் மற்றதோடு பொருந்திவிடும். இதைக் கையால் ஒருமுறை பொருத்திப் பார்த்தவர்களுக்குத்தான் அந்த மகிழ்ச்சி தெரியும். சிரமமெல்லாம் முன்பக்கத்தில், சாய்ந்த இரண்டு சுவர்கள் வந்து சேரும் இடத்தில் இருக்கிறது, அங்கே பொறுமைதான் ஒரே வழி. 1989-இல் வந்த லெகோ கடற்கொள்ளையர் கப்பல்களில் கப்பலின் உடலே பெரிய ஒற்றை வார்ப்புகளாக வரும், விளையாட அவை நல்லவை, ஆனால் கடினமான வேலையைத் தொழிற்சாலையே முடித்துக் கொடுத்துவிடுகிறது.

அப்புறம் பீரங்கி ஜன்னல்கள். பலபேர் இவற்றை அடுக்குமாடிக் கட்டட ஜன்னல் மாதிரி ஒன்றின் நேர் மேலே ஒன்றாக வைத்துவிடுகிறார்கள். இரண்டு, மூன்று தளக் கப்பல்களில் மேல்வரிசை ஜன்னல், கீழ்வரிசையின் இரண்டு ஜன்னல்களுக்கு நடுவில் வரும். கப்பலின் விலா மரங்கள் பலம் இழக்காமல் இருக்க அதுதான் வசதி.

முதல் முறை கட்டுகிறவர்கள் நேராக ஆங்கிலேயக் கடற்படைத் தளபதி நெல்சனின் விக்டரி கப்பலுக்குப் போக வேண்டாம் என்பேன். அது 104 பீரங்கிகள், மூன்று தளம். அதற்குப் பதில் 1817-இல் பம்பாயில் தேக்கு மரத்தில், கப்பல் கட்டும் தொழிலில் இருந்த வாடியா குடும்பத்தார் கட்டிய, திருக்கோணமலையின் பெயரைத் தாங்கிய டிரிங்கோமலி என்ற கப்பலை எடுத்துக்கொள்ளலாம். இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் மிதக்கிறது. பீரங்கி ஜன்னல்கள் பக்கத்துக்கு ஒரே முழு வரிசைதான், அதனால் வளைவைக் கற்றுக்கொள்ள இது வாகானது. பீரங்கித் தளம் சுமார் 150 அடி, 48-இல் ஒரு பங்காகக் குறைத்தால் 95 செ.மீ. அளவுக்கு வரும்.

இந்த 48-ஐ ஏன் சொல்கிறேன் என்றால், பழைய ஆங்கிலக் கடற்படை வரைபடங்கள் வழக்கமாக ஓர் அடிக்குக் கால் அங்குலம் என்ற அளவில் வரைந்தவை, அதாவது அதே 48-இல் ஒரு பங்கு. அந்த அளவில் அச்செடுத்து அதன் மேலேயே கற்களை வைத்துப் பார்க்கலாம். ஒரு தட்டைக் கல்லின் உயரம் அசல் கப்பலில் ஏறத்தாழ அரை அடி. தளம் முனையில் ஓர் அடி ஏறுகிறதா, இரண்டு தட்டைக் கல் சேர்த்தால் ஆயிற்று.

பாய்க்கும் கயிறுக்கும் நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை, நல்ல நூல் போதும். பாய்மரத்தை இழுத்துப் பிடிக்கும் நிலையான கயிறுகளுக்கு அசலில் தார் பூசுவார்கள், எனவே கறுப்பு நூல். பாயை ஏற்றி இறக்கும் கயிறுகளுக்கு வெளிர் பழுப்பு.

என் வேண்டுகோள் இவ்வளவுதான். அடுத்த முறை இப்படி ஒரு கப்பலின் படம் போட்டால், பக்கத்தில் அதன் நடுப்பகுதியைக் குறுக்கே வெட்டினால் தெரியும் வடிவத்தையும் சின்னதாக வரைந்து போடுங்கள். கட்டியவரிடம் எத்தனை துண்டு என்று கேட்பதற்குப் பதில், முன்பக்க வளைவை எப்படிக் கொண்டுவந்தீர்கள் என்று கேட்டு, அவர் சொல்வதை அப்படியே அச்சிடுங்கள். கிரீனிச் தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்தில் இந்தப் பழைய வரைபடங்கள் ஏராளமாக இருக்கின்றன, பலவற்றை இணையத்திலேயே பார்க்கலாம், அந்தத் தகவலையும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்