என்னைத் தாங்கிப் பிடித்த கைகளுக்கு

அன்புடையீர்,

வணக்கம். சென்ற மாதம் என் கடைசி ஆட்டத்தை ஆடி முடித்தேன். பெரிய நிறுவனங்களைச் சாராத சுயாதீன மல்யுத்தக் களத்தில் 12 ஆண்டுகள். முடிவை முன்பே பேசி வைத்துக்கொண்டு ரசிகர்கள் முன் ஆடிக்காட்டும் மல்யுத்தம் இது. அந்த 12 ஆண்டுகளிலும் ஆடிய ஒவ்வோர் ஆட்டத்தையும் ஒரு நோட்டில் குறித்து வந்திருக்கிறேன்: தேதி, அரங்கு, எதிராளியின் பெயர், எத்தனை நிமிடம், மறுநாள் எங்கே வலித்தது. போன வாரம் அதை முதல் பக்கத்திலிருந்து படித்தேன். எதிராளி என்று நான் எழுதியிருந்த ஒவ்வொருவரும், ஏதோ ஒரு நொடியில் என் கழுத்தையும் முதுகெலும்பையும் தம் கையில் வாங்கி, பத்திரமாகத் திருப்பித் தந்தவர்கள். ஆட்டம் முடிந்து உடைமாற்றும் அறைக்கு வந்ததும் எதிராளிக்குக் கைகொடுத்து நன்றி சொல்வது எங்கள் தொழில் மரியாதை. அந்த இரண்டு விநாடியில் சொல்ல முடியாதவை இத்தனை நாளும் மனத்தில் கிடந்தன. அவற்றை இங்கே எழுதுகிறேன்.

முதல் நன்றி என் ஆசானுக்கு. எறியக் கற்றுக்கொள்ளும் ஆசையோடு வந்த என்னை நீங்கள் மூன்று மாதம் விழ மட்டுமே வைத்தீர்கள். ரிங் என்பது இரும்புச் சட்டம், அதன்மேல் மரப்பலகை, பலகையின்மேல் மெல்லிய ஃபோம், எல்லாவற்றுக்கும் மேல் இழுத்துக் கட்டிய கேன்வாஸ். முடிவு முன்பே பேசி வைக்கப்பட்டது என்பதால் அந்தப் பலகை மெத்தையாகிவிடுவதில்லை. ஒரு சிறிய துண்டை மடித்து என் முகவாய்க்கும் நெஞ்சுக்கும் நடுவில் செருகி, "இது கீழே விழாமல் நீ விழு" என்றீர்கள். பின்மண்டை தரையில் படாமலிருக்க முகவாய் நெஞ்சோடு ஒட்டியிருக்க வேண்டும். மூச்சை வெளியே விட வேண்டும். விரித்த கைகளால் தரையை அறைந்து அதிர்ச்சியை உடல் முழுக்கப் பகிர வேண்டும். துண்டு நழுவினால் மறுபடியும் ஒன்றிலிருந்து. ஒருநாள் மாலை அறுபதாவது முறை விழுந்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. நீங்கள் எதுவும் சொல்லாமல் பக்கத்தில் வந்து, உங்களுக்கு அறுபது வயது நெருங்கும் அந்த உடம்போடு, நீங்களும் ஒருமுறை விழுந்து காட்டினீர்கள். இன்று நான் என் கழுத்தை இரண்டு பக்கமும் திருப்ப முடிகிறதென்றால் அது அந்தத் துண்டின் புண்ணியம்.

இந்தத் தொழிலில் பெண்களுக்கு ஒரு வரலாறு உண்டு என்று எனக்குச் சொன்னவரும் நீங்கள்தான். 1930களில் ஊர் ஊராகச் சென்ற திருவிழாக் கூடாரங்களில் ஆண்களோடு மோதித் தொடங்கி, பிறகு உலக சாம்பியனாக நின்ற மில்ட்ரெட் பர்க்கின் படத்தை முதலில் உங்கள் பயிற்சிக்கூடச் சுவரில்தான் பார்த்தேன். நியூயார்க் மாநிலத்தில் 1972 வரை பெண்கள் மல்யுத்தத்துக்குத் தடை இருந்தது என்பதை நீங்கள் சொல்லித்தான் அறிந்தேன். அன்றைக்கு எனக்கு அது வெறும் தகவல். பிறகு நானே ஆண்களுடன் ஆட வேண்டி வந்தபோதுதான் அதன் எடை புரிந்தது. சிறிய நிகழ்ச்சிகளில் பட்டியலில் இருக்கும் ஒரே பெண் நானாக இருப்பேன். ஆண்களோடு ஆடவில்லையென்றால் ஆட்டமே இல்லை. கனடாவின் மல்யுத்த வீராங்கனை லூஃபிஸ்டோ, தன்னை ஆண்களுடன் ஆட விடாத விதியை எதிர்த்து ஒன்டாரியோ மனித உரிமை ஆணையத்தில் புகார் கொடுத்து ஆண்டுக்கணக்கில் போராடினார். 2006இல் அந்தத் தடை விலகியது. அவரை நான் நேரில் சந்தித்ததில்லை. ஆனாலும் அவருக்கும் இந்த மடலில் ஓர் இடம் உண்டு.

அடுத்து, பயிற்சிக்கூடத்தில் எனக்கு மூத்தவரான அக்காவுக்கு. ஒரு பெட்டி நிறைய டிவிடிகளைக் கொண்டுவந்து, "இதையெல்லாம் பார், பிறகு பேசலாம்" என்று கொடுத்தீர்கள். அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தின் பெர்வினில் 2005இல் தொடங்கிய ஷிம்மர் நிகழ்ச்சிகள். தொடக்கம் முதல் இறுதிவரை பெண்களின் ஆட்டம் மட்டுமே. அதுவரை பெரிய நிறுவனங்களின் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளில் பெண்கள் வந்ததும் போனதும் தெரியாமல் முடியும் ஆட்டங்களையே அதிகம் பார்த்திருந்தேன். 2015 பிப்ரவரியில் அப்படி ஓர் ஆட்டம் அரை நிமிட அளவில் முடிந்து, ரசிகர்கள் சமூக வலைத்தளத்தில் கொதித்தெழுந்தது பலருக்கு நினைவிருக்கும். அதற்குப் பத்தாண்டு முன்பே அந்தப் பெண்கள் சிறிய அரங்கில், சில நூறு பேர் முன்னால், பொறுமையாகக் கதையைக் கட்டி எழுப்பி ஆடிக்கொண்டிருந்தார்கள். 2007இல் ஷிம்மரின் முதல் சாம்பியனான சாரா டெல் ரே ஒரு கையைப் பிடித்துத் திருகினால், அந்தக் கை ஆட்டம் முடியும்வரை வலித்துக்கொண்டே இருக்கும். எதிராளி அதை மறக்க மாட்டார். பார்ப்பவர்களையும் மறக்க விட மாட்டார். நானும் அக்காவும் ஒரே காட்சியைப் பின்னுக்கு ஓட்டி ஓட்டிப் பார்த்திருக்கிறோம், கால் எங்கே வைக்கிறார், கண் எங்கே போகிறது என்று. அந்தப் பெட்டி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது, அக்கா. திருப்பித் தர மனம் வரவில்லை.

நோட்டில் ஒரு பக்கத்தில் மட்டும் நிமிடக் கணக்கு இல்லை. ஏழாம் ஆண்டு. அன்று என் எதிராளி வில்லியாக ஆடியவர். அரங்கமே அவரைத் திட்டித் தீர்த்துக்கொண்டிருந்தது. எதிராளியைத் தலைகீழாகத் தூக்கிப் பின்பக்கமாக எறியும் சப்ளெக்ஸுக்காக என்னைத் தூக்கினார். வியர்வையில் என் பிடி வழுக்கியது. தலைகீழாக இருந்த நான் நேராகத் தலையில் இறங்கப்போகிறேன் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த இடைவெளியில் அவர் தன் இடுப்பைத் திருப்பித் தன்னையே எனக்குக் கீழே கொண்டுவந்தார். என் முழு எடையும் அவருடைய தோளில் இறங்கியது. எலும்பு நெரிந்த சத்தம் எனக்குக் கேட்டது. பிறகு அவர் செய்ததைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. விரல்களை விரித்து என் முகத்தைப் பிறாண்டுவதுபோல் மூடிக்கொண்டார். கூட்டம் கூச்சலிட்டது. அந்தக் கையின் மறைவில், "கழுத்து சரியாக இருக்கிறதா? கால்விரலை அசைத்துப் பார்" என்று கேட்டார். அசைத்தேன். "சரி, இப்போது என்னை மடக்கு, முடித்துவிடலாம்" என்றார். காறை எலும்பு முறிந்து நான்கு மாதம் அவர் ஆடவில்லை. ஆடாத மாதங்களுக்கு எங்களைப் போன்றவர்களுக்கு வருமானமும் கிடையாது. அதைப்பற்றி ஒருநாளும் என்னிடம் ஒரு சொல் சொன்னதில்லை. அன்று வில்லியாக ஆடிய அக்கா, அரங்கத்தில் இருந்த அத்தனை பேரும் உங்களை வெறுத்தார்கள். உண்மையில் அங்கே நடந்தது என்னவென்று அவர்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகவே இதைப் பகிரங்கமாக எழுதுகிறேன்.

நடுவர்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. கையை உயர்த்தி வெற்றியை அறிவிப்பவர்கள் என்றுதான் வெளியில் தெரியும். எஞ்சிய நிமிடத்தைக் காதில் சொல்வதும், விழுந்து கிடக்கும்போது கையைப் பிடித்து அழுத்திப் பார்ப்பதும் அவர்கள் வேலை. நாம் திருப்பி அழுத்தினால் நலம் என்று பொருள். முழங்கால் தசைநார் அறுந்த இரவில் நான் திருப்பி அழுத்தினேன். பொய் சொன்னேன். அன்று நடுவராக இருந்த நீங்கள் என் கண்ணைப் பார்த்தீர்கள். எழுந்து நின்று இரண்டு கைகளையும் தலைக்கு மேல் பெருக்கல் குறிபோல வைத்தீர்கள். உண்மையான காயம், ஆட்டத்தை நிறுத்துங்கள் என்பதற்கான சைகை அது. உங்கள்மேல் எனக்குக் கடும் கோபம். ஒரு வாரம் பேசவில்லை. பிறகு அறுவைசிகிச்சை செய்த மருத்துவர், இன்னும் ஒருமுறை அந்தக் காலை ஊன்றிக் குதித்திருந்தால் குருத்தெலும்பும் போயிருக்கும் என்றார். அன்று பேசாமல் இருந்ததற்கு இப்போது மன்னிப்பும் சேர்த்துக் கேட்டுக்கொள்கிறேன்.

அதற்குப் பிறகான ஒன்பது மாதங்கள் கடினமானவை. எங்களுக்கு மாதச் சம்பளம் இல்லை. ஆட்டத்துக்கு இவ்வளவு என்று கூலி. காயம் பட்டால் மருத்துவச் செலவு பெரும்பாலும் நம் தலையில்தான். அன்றைய நிகழ்ச்சியை நடத்தியவர் நான்கு முறை அழைத்தும் தொலைபேசியை எடுக்கவில்லை. அந்த நினைப்பை இதற்கு மேல் வளர்க்க விரும்பவில்லை, ஏனென்றால் அதே வாரத்தில் வேறொன்று நடந்தது. உடைமாற்றும் அறையில் யாரோ ஓர் உறையைச் சுற்றுக்கு விட்டிருக்கிறார்கள். ஆட்டம் முடிந்து கூலி வாங்கிய கையோடு ஒவ்வொருவரும் அதில் போட்டிருக்கிறார்கள். யார் எவ்வளவு போட்டார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்டபோது யாரும் சொல்லவில்லை. ரசிகர்கள், நான் ஆடாத மாதங்களிலும் என் பெயர் போட்ட சட்டைகளை வாங்கிக்கொண்டே இருந்தார்கள். உங்களில் சிலர் ஒரே சட்டையை இரண்டு அளவில் வாங்கியது பட்டியலைப் பார்த்தபோது தெரிந்தது.

அம்மா, நீ என் ஆட்டத்தை ஒருமுறைகூட முழுதாகப் பார்த்ததில்லை, கண்ணை மூடிக்கொள்வாய். ஆனால் அந்த ஒன்பது மாதமும் தினம் காலையில் என் குதிகாலைப் பிடித்துக்கொண்டு, முழங்கால் எத்தனை பாகை மடங்குகிறது என்று அளந்து எழுதினாய். தொண்ணூறைத் தாண்டிய நாளில் நான் சிரித்தேன், நீ அழுதாய்.

ரிங்கை ஏற்றி இறக்கும் தம்பிகளே, உங்களை மறந்தால் எனக்கு நன்றி என்ற சொல்லே பொருந்தாது. பார்வையாளர்கள் வருவதற்கு நான்கு மணி நேரம் முன்பே வந்து இரும்பும் பலகையும் சுமந்தவர்கள் நீங்கள். அவர்கள் போன பின்பும் கழற்றி வண்டியில் ஏற்றுவீர்கள். உங்களில் ஒருவன் கேன்வாஸ் விரிக்கும் முன் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலால் ஒவ்வொரு பலகையாக மிதித்து நடப்பான். எது ஆடுகிறது என்று உள்ளங்காலுக்குத் தெரியுமாம். அவன் இருக்கும் இரவுகளில் நான் பயமில்லாமல் விழுந்தேன்.

என் உடைகளைத் தைத்த அக்காவுக்கும் ஒரு சொல். முதல் உடையில் நான் கேட்டபடி ஓரத்தில் உலோகக் கொக்கி வைத்தீர்கள். அது எதிராளியின் கையைக் கீறிவிட்டது என்று நான் வந்து சொன்னதும் உங்கள் முகம் வாடியது. அடுத்த உடையிலிருந்து கொக்கியும் இல்லை, ஜிப்பும் இல்லை. தையல்களை உள்பக்கமாக மடித்து இரட்டையாக ஓட்டினீர்கள். முழங்கால் பட்டைக்கும் அதே துணியில் உறை தைத்தீர்கள், காயம் எது என்று முதல் பார்வையில் யாருக்கும் தெரியாதபடி.

நள்ளிரவுக்குப் பின் காரோட்டிய நண்பர்களே, எரிபொருள் செலவைப் பங்கு போடும்போது என் பங்கை மறந்ததுபோல் நடித்த அத்தனை முறையும் எனக்குத் தெரியும்.

கடைசி ஆட்டத்தில் என்னை வீழ்த்தியவள், நான் விழக் கற்றுக்கொடுத்த பெண். விடைபெறுபவர் தோற்றுப் போவது எங்கள் வழக்கம். என்னைத் தூக்கும் முன் அவள் கை என் பின்கழுத்துக்குப் போனது. முகவாய் ஒட்டியிருக்கிறதா என்று இரண்டு விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் தூக்கினாள். யாரும் அதைக் கவனித்திருக்க மாட்டார்கள். நோட்டில் அன்றைய பக்கத்தில், வலித்த இடம் என்பதற்கு நேரே எதுவும் எழுதவில்லை.

ஆசானே, என் பூட்ஸை உங்கள் பயிற்சிக்கூடத்தில் கதவுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். குதிகால் கொஞ்சம் தேய்ந்திருக்கிறது, கயிறு புதிது. மடித்த துண்டு ஒன்றும் அதற்குள் இருக்கிறது. அளவு பொருந்துகிறவள் எடுத்துக்கொள்ளட்டும்.

அன்புடன்,
உங்கள் மாணவி, தோழி, எதிராளி