பின்பக்கக் கலரைப் பார்த்துக்கொள்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ செய்து அனுப்பிய போர் ஆட்டப் பெட்டி வெள்ளிக்கிழமை வந்து சேர்ந்தது. பிரிக்கும்போதே ஒன்று கண்ணில் பட்டுவிட்டது. வந்தவாசிச் சீட்டின் பின்பக்கம் கரும்பச்சை. முதல் ஆட்டத்தோடு சேர்த்து ஆடும் கூடுதல் பகுதியை எக்ஸ்பேன்ஷன் என்று சொல்வாயே, அந்தப் புள்ளலூர்ச் சீட்டும் பச்சைதான், ஆனால் மஞ்சள் ஒரு பொடி கூடிவிட்டது. இரண்டையும் கலந்து குலுக்கினால் உன் கையில் இருப்பது புதுச் சீட்டு என்று எதிரில் இருப்பவனுக்குத் தெரிந்துவிடும். அப்புறம் என்ன மறைப்பு, என்ன ஆட்டம்? முதல் ஓட்டத்தின் தாள் ஒன்றை மெஷின் பக்கத்திலேயே வைத்து, ஒத்துப் பார்த்து ஓட்டச் சொல். சிவகாசியில் 30 வருடம் இங்க் கலக்கியவன் சொல்கிறேன்.

மாமாவும் நானும் மூன்று தடவை ஆடினோம். 1760 வந்தவாசி அருமை. ஆங்கிலேயர் பக்கம் அயர் கூட், பிரெஞ்சுக்காரர் பக்கம் லாலி, இருவரும் சரிக்குச் சரி நிற்கிறார்கள். அந்த அறுகோணக் கட்டங்களை விரித்து வைத்துத் தெருவில் பாதிப் பேருக்குக் காட்டிவிட்டேன், என் மகள் செய்தது என்று. 1780 புள்ளலூர்தான் இடிக்கிறது. மூன்று தடவையும் ஹைதர் அலி பக்கம் உட்கார்ந்தவனே ஜெயித்தான். வெடிமருந்து வண்டி வெடித்தால் ஆங்கிலேயத் தளபதி பெய்லி கதை முடிந்தது. நடந்ததும் அப்படித்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முடிவு தெரிந்த ஆட்டத்துக்கு யார் காசு கொடுப்பார்கள்? காஞ்சிபுரத்தில் படையோடு இருக்கும் இன்னொரு ஆங்கிலேயத் தளபதி மன்றோ நகர, பகடையில் ஆறு விழ வேண்டும் என்று வைத்திருக்கிறாய். நாலு விழுந்தாலே போதும் என்று மாற்று. அவன் உதவிக்கு வரவில்லைதான். வந்துவிடுவான் என்கிற நப்பாசை இருந்தால்தான் பெய்லி பக்கம் உட்கார ஆள் கிடைக்கும்.

நேரத்துக்குச் சாப்பிடு. அக்டோபரில் ஜெர்மனியில் எஸ்ஸன் ஆட்டக் கண்காட்சி என்று ராத்திரியெல்லாம் கண் விழிக்காதே. கட்டான் என்கிற பலகை ஆட்டத்தைச் செய்த டாய்பர் 1995-இல் அவ்வளவு பெரிய பரிசு வாங்கியும், சில வருடம் பல் கட்டும் வேலையை விடவில்லையாம். மாமா எங்கோ படித்துவிட்டுச் சொன்னார். சும்மா எழுதினேன்.

இப்போதெல்லாம் செவ்வாய்க்கிழமை உங்கள் ஊர் மத்தியானத்தில் கூப்பிட்டாலும் முதல் மணியிலேயே எடுத்துவிடுகிறாய். முன்பு 'மீட்டிங்ப்பா' என்று வைத்துவிடுவாய். பேச நேரம் கிடைப்பதில் எனக்குச் சந்தோஷம்தான். அம்மா இதைக் கவனிக்கவில்லை. நானும் சொல்லவில்லை. பின்பக்கக் கலரை மட்டும் பார்த்துக்கொள்.

நீ ஏழாவது படிக்கும்போது ஆடு புலி ஆட்டம் சொல்லிக் கொடுத்தேனே. 3 புலி, 15 ஆடு, ஒருவருக்குத் தாவி வெட்டுவது வேலை, மற்றவருக்கு வளைத்து அடைப்பது வேலை. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இல்லாத ஆட்டத்தில் ஆசை வந்ததே அதனால்தான் என்று இப்போதும் எல்லோரிடமும் சொல்கிறாய். அதை நான் எங்கே கற்றேன் என்று நீ கேட்டதில்லை. அந்த வருடம்தான் அச்சகத்தில் எனக்குக் கணக்கு முடித்து அனுப்பிவிட்டார்கள். மூன்று மாதம் வீட்டில் சொல்லவில்லை. காலையில் அம்மா கட்டித் தந்த தூக்குவாளியோடு சைக்கிளில் கிளம்பி, கோயில் மண்டபத்தில் கிழவர்களோடு உட்கார்ந்து, புளியங்கொட்டையை ஆடாக வைத்து ஆடிக்கொண்டிருந்தேன். சைக்கிள் டப்பாவில் பழைய இங்க் டின் ஒன்று கிடக்கும். சாயங்காலம் தெருமுனையில் நின்று நகக்கண்ணில் கொஞ்சம் தடவிக்கொண்டுதான் வீட்டுக்குள் நுழைவேன். நாலாவது மாதம் வேறு இடம் கிடைத்தது. அம்மாவுக்கு இன்றுவரை தெரியாது. உன்னை நான் அடித்தது அந்த மாதங்களில்தான். மார்க்குக்காக இல்லை.

இந்தக் கடிதத்தை நானே போய்த் தபாலில் போடுகிறேன். செவ்வாய்க்கிழமை கூப்பிடுகிறேன், அந்த நேரத்தில் அம்மா கோயிலுக்குப் போயிருப்பாள். மஞ்சளைக் குறைக்கச் சொல்ல மறந்துவிடாதே.

அப்பா