பழைய ரொம் செட்டை அழிக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஹட்டனில் கணினி திருத்தும் சிறு கடை ஒன்று நடத்துகிறேன். டிக்கோயா, மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டங்களில் இருந்து வரும் பிள்ளைகள் கடைகளில் காசு போட்டு விளையாடிய பழைய ஆர்கேட் மெஷின் கேம்களைக் கணினியில் போட்டுத் தரும்படி அடிக்கடி கேட்பார்கள். அந்தக் கேம்களின் ஃபைல் தொகுப்பைத்தான் ரொம் செட் என்கிறோம். நன்றாக ஓடிக்கொண்டிருந்ததை யாரோ 'புது செட்' என்று மாற்றிக் கொடுத்த பிறகு பாதி கேம் திறக்கவில்லை என்று வருபவர்களும் உண்டு. அண்மையில் வந்த ஒரு தம்பியின் செட்டை வேறொரு கடையில் "2003ஆம் ஆண்டு குப்பை" என்று சொல்லி, காசும் வாங்கிக்கொண்டு அடியோடு அழித்திருக்கிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பழைய ஆர்கேட் மெஷினைப் போலக் கணினியை நடந்துகொள்ள வைக்கும் மென்பொருள்தான் எமியூலேட்டர். மேம் (MAME) என்ற எமியூலேட்டரை இத்தாலியரான நிக்கோலா சால்மோரியா 1997 பெப்ரவரியில் வெளியிட்டார். இன்றுவரை அதற்குப் புதுப் பதிப்புகள் வருகின்றன. பழைய மெஷினில் ஒவ்வொரு சில்லும் எப்படி வேலை செய்தது என்பதை உள்ளது உள்ளபடி பதிந்து வைப்பதே அதன் நோக்கம். வேகம் அதை உருவாக்குபவர்களுக்கு இரண்டாம்பட்சம். 1981இல் வந்த டொங்கி கொங்கை எடுத்துக்கொள்ளுங்கள். தொடக்க காலப் பதிப்புகள் அதன் சில ஒலிகளைப் பதிவிலிருந்து அப்படியே ஒலிக்கவிட்டன. பிந்திய பதிப்புகள் அந்த ஒலியை உண்டாக்கிய சர்க்யூட்டையே கணக்கிடுகின்றன. அருமையான வேலைதான், மறுக்கவில்லை. ஆனால் கொழும்பிலிருந்து இரண்டாம் கையாக வந்த பென்டியம் 4 கணினிக்கு அந்தக் கூடுதல் கணக்கெல்லாம் பெரும் சுமை.

2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360க்குத் தாவியது நம் எல்லோருக்கும் நினைவிருக்கும். தோட்டத்துச் சம்பளத்தில் இருக்கும் ஒரு வீட்டாரிடம் புதுக் கணினி வாங்கச் சொல்ல எனக்கு வாய் வராது.

சரி, செட் ஏன் மாறுகிறது? ஒரு கேமின் ஸிப் (zip) ஃபைலுக்குள் மெஷினின் பலகையில் இருந்த சில்லுகளின் உள்ளடக்கம் தனித்தனி ஃபைல்களாக இருக்கும். ஆய்வாளர்கள் புதிதாக ஒரு சில்லைப் படித்துவிட்டால் எமியூலேட்டரின் அடுத்த பதிப்பு அதையும் கேட்கும். நம் பிள்ளைகள் 'முஸ்தபா' என்று கேட்கும் கெடிலக்ஸ் அண்ட் டைனோசர்ஸ் கெப்கொம் 1993இல் வெளியிட்ட கேம். அதன் ஒலிக்கு கியூசவுண்ட் என்று தனிச் சில்லு உண்டு. மேமின் பழைய 0.78 பதிப்பு அந்தச் சில்லின் ஃபைலைக் கேட்பதே இல்லை. இன்றைய மேமுக்கு அது இல்லாமல் கேம் திறக்காது.

கெப்கொமின் சீபிஎஸ்-2 மெஷின்களின் கதை இன்னும் சுவையானது. அவற்றின் நிரல் பூட்டுப் போட்டதுபோல் மறையீடு செய்யப்பட்டிருந்தது. அதைத் திறக்கும் சாவியைப் பலகையில் இருந்த பெட்டரிதான் காத்து வைத்திருந்தது. பெட்டரி செத்தால் மெஷினும் செத்தது. அந்த மறையீட்டின் சூத்திரம் 2007இல்தான் முழுமையாக உடைந்தது. அதற்கு முந்திய செட்களில் நிரலை விடுவிக்கும் பெரிய ஃபைல் ஒன்று கூடவே இருந்தது. இப்போது அந்த இடத்தில் சின்னஞ்சிறு சாவி ஃபைல். ஆகவே புதுச் செட்டைப் பழைய எமியூலேட்டருக்குக் கொடுத்தால் அதற்கு ஒன்றும் விளங்காது. பழைய செட்டைப் புதியதற்குக் கொடுத்தாலும் அதே கதைதான்.

இதனால்தான் மேம் 2003 என்ற பெயரில் 0.78 பதிப்பையும், மேம் 2010 என்ற பெயரில் 0.139 பதிப்பையும், பல எமியூலேட்டர்களை ஒரே இடத்தில் இயக்கும் ரெட்ரோஆர்ச் என்ற மென்பொருளில் தனித்தனியாக வைத்திருக்கிறார்கள். செட் தேங்கி நிற்கிறதே என்று சிலர் குறை சொல்கிறார்கள். எனக்கு அதுதான் அதன் பலம். ஒருமுறை பொருத்தமாகச் சேர்த்துவிட்டால் பிறகு எதையும் தரவிறக்க வேண்டாம். மழைக்காலத்தில் சிக்னல் போய்ப் போய் வரும் லயத்தில் இருக்கிற பிள்ளைக்கு, டேட்டாவுக்கு ரீலோட் போடாமல் பென் டிரைவிலிருந்தே விளையாட முடிவது சின்ன விஷயமில்லை.

கேம்களுக்குப் பதிப்புரிமை உண்டு என்பதையும் சொல்லியே ஆக வேண்டும். ரொபி ரோட்டோ போன்ற சிலவற்றை உரிமையாளர்களே வணிகமற்ற பயன்பாட்டுக்கு அனுமதித்திருக்கிறார்கள். மேமின் அதிகாரபூர்வத் தளத்தில் அவை கிடைக்கும். நான் புதிதாக ஒருவருக்குப் போட்டுக் கொடுக்கும்போது அங்கிருந்துதான் தொடங்குகிறேன்.

உங்கள் தொழில்நுட்பப் பக்கத்தில் எந்த எமியூலேட்டருக்கு எந்தப் பதிப்புச் செட் என்று சிறு அட்டவணை ஒன்று போட்டால் மலையகத்தில் பலருக்கு உதவும். சக கடைக்காரர்களிடமும் ஒன்று கேட்கிறேன். எதையும் அழிக்கும் முன் ஒரு பிரதி எடுத்து வையுங்கள். பென் டிரைவைத் திருப்பிக் கொடுக்கும்போது அதன்மேல் 0.78 என்றோ 0.139 என்றோ எழுதி ஒட்டிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
கணினி திருத்துநர் ஒருவர்,
ஹட்டன்.