உக்ரைன் நாடாளுமன்றத்துக்கு ஒரு திறந்த மடல்: அந்த 26 நாள்களின் ஆணைகளை வெளியிடுங்கள்

மதிப்புக்குரிய வெர்கோவ்னா ராடா உறுப்பினர்களுக்கு,

வணக்கம். நான் சரக்குக் கப்பல்களில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன்; ஒடெசா துறைமுகத்துக்குச் சில முறை வந்து போனவன் என்பதைத் தவிர உங்கள் நாட்டு விவகாரத்தில் பேச எனக்கு வேறு தகுதி இல்லை. சென்ற மாதம் பழைய கப்பல்காரர்கள் சிலர் கூடியிருந்தபோது 2014இல் 26 நாள்கள் உங்கள் பொறுப்புப் பாதுகாப்பு அமைச்சராக இருந்த அட்மிரல் இகோர் தென்யுக் பற்றிப் பேச்சு வந்தது. அப்போது ரஷ்யா கைப்பற்றிய கிரிமியாவைக் கைகழுவியவர் என்றார் ஒருவர். ஊரார் பழியைச் சுமந்த பலிகடா என்றார் மற்றவர். குரல்கள் உயர்ந்தனவே தவிர, இருவரிடமும் சான்று இல்லை. அது இருக்கும் அலமாரியைத் திறக்கக் கூடியவர்கள் நீங்கள் என்பதால் உங்களுக்கு எழுதுகிறேன்.

அவரது வரலாற்றை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2006 முதல் 2010 வரை உங்கள் கடற்படைத் தளபதியாக இருந்தவர்; 2008 ஆகஸ்டில், ரஷ்யக் கருங்கடல் கப்பல்கள் எல்லை கடக்க 72 மணி நேரம் முன்னதாக அறிவிக்க வேண்டும் என்று அன்றைய அதிபர் யூஷ்சென்கோ ஆணையிட்டபோதும் அந்தப் பொறுப்பில் இருந்தவர்; ரஷ்யச் சார்பு கொண்ட யானுகோவிச் 2010இல் அதிபராகி ஆட்சிக்கு வந்ததும் பதவி இழந்தவர். தென்யுக் சேர்ந்த ஸ்வபோதா என்ற தீவிர தேசியவாதக் கட்சியின் அரசியல் எனக்கு உடன்பாடானதன்று. ஆயினும் இந்தப் பணிப்பதிவைப் பார்த்து, மாஸ்கோவுக்கு வளைந்து கொடுத்தவர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

2014 பிப்ரவரி 27 அன்று அவர் பொறுப்புப் பாதுகாப்பு அமைச்சரானார். மறுநாள் நடந்த தேசியப் பாதுகாப்பு மன்றக் கூட்டத்தில், போருக்கு அனுப்பத்தக்கவர்கள் சுமார் 5,000 பேரே என்று அவர் சொன்னது, 2016இல் வெளியான கூட்டப் பதிவால் உலகுக்குத் தெரியும். அதற்குப் பிறகு என்ன நடந்தது என்பதுதான் என் கேள்வி. மார்ச் முதல் வாரத்தில் ரஷ்யர்கள் 'ஒச்சாகோவ்' என்ற பழைய கப்பலை கிரிமியாவில் கடலோடு இணைந்த டொனுஸ்லாவ் ஏரியின் வாயில் மூழ்கடித்து, உள்ளே நின்ற உங்கள் கப்பல்களை அடைத்தார்கள். 'செர்காசி' என்ற கண்ணிவாரிக் கப்பல், மூழ்கிக் கிடந்தவற்றின் இடையே புகுந்து வெளியேற மார்ச் 21 அன்று முயன்று தோற்றது. நங்கூரமிட்டுக் கரையின் சொல்லுக்காகக் காத்திருப்பது என்னவென்று எனக்குத் தெரியும். நான் காத்திருந்தது சரக்கு இறக்குவதற்கு, அவர்கள் காத்திருந்தது சுடலாமா, சரணடையலாமா, கப்பலை மூழ்கடிக்கலாமா என்ற பதிலுக்கு. ஆயுதம் எடுக்க அனுமதி, சிம்ஃபெரோபொலில் உங்கள் வீரர் ஒருவர் மாண்ட பிறகே, மார்ச் 18இல் வந்தது. கிரிமியாவிலிருந்து படைகள் வெளியேறும் முடிவு 24இல் அறிவிக்கப்பட்டது. 25இல் செர்காசி பிடிபட்டது. அதே 25இல்தான் உங்கள் அவை தென்யுக்கின் விலகலை முதல் வாக்கெடுப்பில் ஏற்க மறுத்து, மறு வாக்கெடுப்பில் ஏற்று, கணக்கை முடித்துக்கொண்டது.

ஆணைகள் தாமதமாயினவா? ஆயின என்றால், அவர் மேசையிலா, அதற்கு மேலிருந்த மேசையிலா? இதற்காகவே, எந்த ஆணை, யார் கையொப்பத்துடன், எத்தனை மணிக்குப் புறப்பட்டு எத்தனை மணிக்குச் சேர்ந்தது என்ற முழு விவரத்தையும் வெளியிடுங்கள் என்கிறேன்.

போர் நடக்கும் காலத்தில் இரகசியம் காக்க வேண்டும் என்பீர்கள். மெத்தச் சரி. ஆனால் செவஸ்தபோலில் இருந்த உங்கள் கடற்படைத் தலைமையகமே மார்ச் 19இல் ரஷ்யர் கைக்குப் போய்விட்டது. செர்காசியும் அவர்களிடம்தான் போனது. அங்கே சென்று சேர்ந்த ஆணைகளை எதிரி ஆற அமரப் படித்திருக்கக் கூடும்; அக்கப்பல்களில் நின்றவர்களின் தாய்மார்கள் மட்டும் படிக்கக் கூடாது என்பது விசித்திரமான பாதுகாப்பு.

கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்தருளுங்கள். இன்று ஏவுகணைகளுக்கு அடியில் கூடும் அவை உங்களுடையது என்பதை நான் மறக்கவில்லை. அன்று வாக்களித்தவர்களில் பலர் இப்போது அங்கே இல்லை என்பதும் தெரியும். அதனாலேயே உங்களுக்கு இது எளிது. பிப்ரவரி 28ஆம் நாள் பதிவைத் திறந்தது போலவே, மார்ச் 25 வரையிலான ஆணைகளையும் திறக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கப்பல் பணியாளர் ஒருவர்