ஹரோ குறூப்பில் என்னோடு இருந்த எல்லோருக்கும் நன்றி

வணக்கம்.

லண்டன் ஹரோவில், பதகளிப்புக்கும் மனச்சோர்வுக்கும் என்.எச்.எஸ். (இங்கிலாந்து அரச சுகாதார சேவை) நடத்திய குறூப் வகுப்பு முடிந்த கடைசிக் கிழமை உங்கள் ஒவ்வொருவருக்கும் கை தந்து நன்றி சொன்னேன்தான், ஆனால் அது எனக்குக் காணவில்லை. ஆட்கள் பார்க்கிற இடத்தில், தமிழில், ஆறுதலாக எழுத வேண்டும் என்று இருந்தது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இரவிரவாக முழித்திருக்கிற எங்கள் ஆட்கள் ஹரோவிலும் வெம்பிளியிலும் ஈஸ்ட்ஹாமிலும் எத்தனையோ பேர் இருக்கிறார்கள், இப்படி ஒரு வகுப்பு இருப்பதே அவர்களில் பலருக்குத் தெரியாது. குறூப்பில் தமிழ் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்பதால் மகள் இதை ஆங்கிலத்தில் எழுதி உங்களுக்கு அனுப்புவாள்.

முதல் நன்றி ஓர் அக்காவுக்கு. பெயர் போட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். ஓர் அந்தியேட்டி வீட்டில் சாப்பாடு முடிந்து எல்லோரும் தேத்தண்ணியோடு கதைத்துக்கொண்டிருந்தபோது யாரோ முழங்கால் நோவைப் பற்றிச் சொல்ல, இவர் "எனக்குப் போன வருசம் மனச்சோர்வு வந்து என்.எச்.எஸ். வகுப்புக்குப் போனனான், இப்ப நல்ல சுகம்" என்றார். சீனி வருத்தத்துக்கு மருந்து எடுப்பதைச் சொல்கிற மாதிரி, குரலைத் தாழ்த்தாமல் சொன்னார். அந்தச் சொல்லைக் கேட்டாலே விசர் என்று முடிவு கட்டுகிற சனத்துக்கு நடுவில் இருந்து சொன்னார். அக்கா, நான் அப்போது வாசல் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அன்றைக்கு நீங்கள் பேசாமல் இருந்திருந்தால் நான் இன்னும் கன காலம் பேசாமல்தான் இருந்திருப்பேன்.

ஊரில் அம்மா தவறின பிறகுதான் எனக்கு இது தொடங்கியது. பெற்றோல் ஸ்டேஷனில் இரவு வேலை, விடிய வந்து படுத்தால் நித்திரை வராது, வந்தாலும் திடுக்கிட்டு எழும்பினால் நெஞ்சு படபடவென்று அடிக்கும், கை விறைக்கும், செத்துப்போகப் போகிறேன் என்று ஓர் அந்தரம். அம்புலன்ஸில் கொண்டுபோய் ஈ.சி.ஜி. எடுத்து, இரத்தம் சோதித்து, இதயத்தில் ஒரு பிழையும் இல்லை என்று அனுப்பினார்கள். அதைக் கேட்டு எல்லோரும் சந்தோசப்பட்டார்கள். எனக்கோ, அப்படியென்றால் இது என்ன என்ற பயம்தான் கூடியது. பிறகு ரயிலில் ஏற ஏலாது, கோயிலில் சனம் கூடினால் நிற்க ஏலாது, போன் அடித்தால் எடுக்க மனமில்லை. சாப்பாட்டில் ருசி போனது. மனைவி கேட்டால் "ஒன்றுமில்லை" என்பேன்.

எங்கள் குடும்ப டொக்டருக்கு (ஜி.பி.) நன்றி. பத்து நிமிசத்துக்குள் ஆளை அனுப்ப வேண்டிய அவசரத்திலும், இது பதகளிப்பும் மனச்சோர்வும் சேர்ந்து வந்திருக்கிறது, உங்கள் குணத்தில் பிழை இல்லை என்று நிதானமாகச் சொன்னவர் அவர். குளிசையும் எழுதித் தந்தார், அதோடு வகுப்புக்கும் போகலாம், ஒன்றுக்காக மற்றதை விடத் தேவையில்லை என்றார்.

இங்கிலாந்தில் இந்த வகுப்பை நடத்துகிற சேவைக்கு இப்போது என்.எச்.எஸ். டோக்கிங் தெரபீஸ் (கதைத்துச் செய்கிற சிகிச்சைகள்) என்று பெயர். லேயர்ட் என்ற பொருளாதார அறிஞரும் டேவிட் கிளார்க் என்ற உளவியலாளரும் அரசாங்கத்தோடு வாதாடி 2008இல் தொடக்கிவைத்தார்கள், 2023இல் பெயரை மாற்றினார்கள். காசு இல்லை. டொக்டரின் கடிதமும் தேவையில்லை, 18 வயதுக்கு மேற்பட்ட எவரும் தாங்களே பதியலாம். எனக்காக இரவு மகள் லப்டொப்போடு பக்கத்தில் இருந்து படிவம் நிரப்பினாள். ஒவ்வொரு கேள்வியையும் வாசித்து, நான் பதில் சொல்லும்வரை திரையைப் பார்த்தபடியே இருந்தாள், என் முகத்தைப் பார்க்கவில்லை. பிள்ளை, அது எனக்கு எவ்வளவு பெரிய உதவி என்று உனக்கு இப்போதுதான் சொல்கிறேன்.

பிறகு போனில் ஒரு பெண் அரை மணித்தியாலத்துக்கு மேல் கதைத்தார். குறூப் வகுப்பு என்றதும் நான் பின்வாங்கினேன், முன்பின் தெரியாத ஆட்களுக்கு முன்னால் என்னத்தைக் கதைக்கிறது? அவர் சொன்னார்: கதைக்க விருப்பமில்லாவிட்டால் கதைக்க வேண்டாம், வந்து இருந்தால் காணும். அதற்காகத்தான் போனேன்.

எட்டுக் கிழமை, கிழமைக்கு ஒரு தடவை, இரண்டு மணித்தியாலம். எட்டுப் பேர்வரை இருந்தோம், நடத்த இரண்டு பேர். மனச்சோர்வுக்கான தேசிய வழிகாட்டியிலேயே குறூப் சிகிச்சைக்கு இதுதான் வழக்கமான அளவாம். நடத்திய உங்கள் இருவருக்கும் என்ன சொல்வது! முதல் நாள், இங்கே கேட்டது இங்கேயே இருக்கட்டும் என்று எல்லோரிடமும் உறுதி வாங்கினீர்கள். அப்புறம் பலகையில் நாலு பெட்டி கீறி, நினைப்பு, உணர்ச்சி, உடம்பு, செய்கை என்று எழுதி, ஒன்றிலிருந்து மற்றதுக்கு அம்புக்குறி போட்டீர்கள். நெஞ்சு அடிக்கிறது, உடனே மாரடைப்பு என்ற நினைப்பு, அதால் பயம், பயத்தால் நெஞ்சு இன்னும் கூட அடிக்கும், நான் ரயிலை விட்டு இறங்கி ஓடுவேன். என் வீட்டு இரவுகள் முழுக்க அந்தப் பலகையில் இருந்தன. தேத்தண்ணி நேரத்தில், 1905இல் பொஸ்டனில் ஜோசப் பிராட் என்ற டொக்டர் காசநோய்க்காரரை ஒன்றாக இருத்தி வகுப்பு எடுத்ததையும், நோயைப் பற்றிய பாடத்தோடு அவர்கள் ஒருவரிலிருந்து ஒருவர் தைரியமும் எடுத்துக்கொண்டதை அவர் கவனித்ததையும் சொன்னீர்கள். எங்கள் அறையில் நடந்ததும் அதுதான்.

இரண்டாவது கிழமை என்று நினைக்கிறேன், ஓய்வுபெற்ற பஸ் சாரதி ஐயா, நீங்கள் வாய் திறந்தீர்கள். மனைவி போன பிறகு சூப்பர்மார்க்கெட் வாசலில் காரை நிறுத்திவிட்டு உள்ளே போக ஏலாமல் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்துவிட்டு, வெறுங்கையோடு வீட்டுக்குத் திரும்புவதைச் சொன்னீர்கள். ஆயுள் முழுக்க இந்த நகரத்துச் சனத்தை ஏற்றி இறக்கிய ஆள், நல்ல உயரம், பெரிய கை, அந்தக் கை நடுங்கியது. நான் அதுவரை என் ஆங்கிலத்தை நினைத்து வாய் திறக்கவில்லை. "எனக்கும் அப்படித்தான், ரயிலில்" என்று என்னையறியாமல் வந்தது. பக்கத்தில் இருந்த குஜராத்தி அம்மா தலையை ஆட்டினார், சோமாலியத் தம்பி "எனக்குப் பள்ளிவாசலில்" என்றான். அந்த நிமிசத்தில் எனக்கு வந்த ஆறுதலை வேறு எந்த இடத்திலும் நான் கண்டதில்லை. புத்தகத்தில் இதையே வாசித்திருந்தால் விளங்கியிருக்கும், அவ்வளவுதான்.

வீட்டுப்பாடங்களைப் பற்றியும் எழுத வேண்டும், ஏனென்றால் ஆறுதல் மட்டும் இருந்திருந்தால் நான் வெளியே வந்திருக்க மாட்டேன். வகுப்பு நடத்தியவர்களே, கிழமைக்கு ஒரு தாள் தந்து, அன்றாடம் செய்கிறவை, செய்தே ஆக வேண்டியவை, மனத்துக்குப் பிடித்தவை என்று மூன்று வகையாக எழுதச் சொன்னீர்கள். என் தாளில் மூன்றாவது வகை வெறுமையாக இருந்தது. மனம் வந்த பிறகு செய்யலாம் என்று காத்திருக்க வேண்டாம், செய்தால்தான் மனம் வரும் என்றீர்கள். குஜராத்தி அம்மா அடுத்த கிழமையே ஒரு சின்னச் சாடியில் வெந்தயம் முளைக்கப் போட்டுக் கொண்டுவந்து காட்டினார். அதைப் பார்த்துத்தான் நானும் பின்வளவில் மிளகாய்க் கன்று வைத்தேன்.

கவலை யோசனைக்கு என்று பின்னேரம் அரை மணித்தியாலம் ஒதுக்கச் சொன்னபோது எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஆனால் கவுன்சில் வரி கட்டவில்லை என்பது இன்றைக்கே ஏதாவது செய்யக்கூடிய யோசனை, மகள் ஓடுகிற கார் எங்காவது மோதினால் என்பது கையில் பிடிக்க முடியாத யோசனை, இரண்டையும் வேறு வேறாக எழுது என்றதும், என் தலையைத் தின்றதில் பெரும்பகுதி இரண்டாவது வகை என்று தெரிந்தது. இரவு மூன்று மணிக்கு வருகிறதை ஒரு கொப்பியில் குறித்து, நாளைக்கு ஆறு மணிக்கு உன்னைப் பார்க்கிறேன் என்று மூடி வைப்பேன். ஆறு மணிக்குத் திறந்தால் பாதிக்கு மேல் வலு இழந்திருக்கும்.

ரயில் பயத்துக்கு ஓர் ஏணி போட்டோம், சின்னதிலிருந்து தொடங்கிப் படிப்படியாகப் பழகுவதற்கு. கீழ்ப்படி, ஹரோ ஒன் த ஹில் ரயில் ஸ்டேஷன் மேடையில் சும்மா நிற்பது. அடுத்தது ஒரே ஒரு நிறுத்தம், நோர்த்விக் பார்க். பிறகு பிரெஸ்டன் ரோட், வெம்பிளி பார்க். வெம்பிளி பார்க்கிலிருந்து ஃபிஞ்ச்லி ரோட் வரை மெட்ரோபொலிட்டன் லைன் எங்கேயும் நிற்காது, அதுதான் எனக்கு மலை. பயம் உச்சத்துக்கு ஏறும்போது இறங்கி ஓடினால், இறங்கியதால்தான் தப்பினேன் என்று மூளை படித்துக்கொள்ளும், பயம் பாதியாகக் குறையும்வரை இருங்கள், துணைக்கு என்று தண்ணிப் போத்தலையும் இறுக்கிப் பிடிக்க வேண்டாம் என்று சொல்லியிருந்தீர்கள். கதவு மூடியது, வியர்த்தது, காது அடைத்தது, நான் எதிரில் இருந்த விளம்பரத்தை எழுத்தெழுத்தாக வாசித்தேன். ரயில் ஓடிக்கொண்டிருக்கும்போதே படபடப்புத் தானாக இறங்கியது. ஃபிஞ்ச்லி ரோட்டில் நான் இறங்கவில்லை, பேக்கர் ஸ்ட்ரீட் வரை போனேன்! அன்று பின்னேரம் இதைச் சொன்னபோது எல்லோரும் கை தட்டினீர்களே, பஸ் சாரதி ஐயா எழுந்து நின்று தட்டினீர்களே, அதை நான் மறக்க மாட்டேன்.

இன்னொன்றையும் எழுதத்தான் வேண்டும். ஒவ்வொரு கிழமையும் தொடங்க முதல் இரண்டு தாள் நிரப்புவோம், மனச்சோர்வுக்கு ஒன்பது கேள்வி, பதகளிப்புக்கு ஏழு கேள்வி, கடந்த இரண்டு கிழமையில் எத்தனை நாள் இப்படி இருந்தது என்று பூச்சியத்திலிருந்து மூன்றுவரை புள்ளி. மனச்சோர்வுத் தாளின் ஒன்பதாவது கேள்வி, செத்தால் நல்லது என்ற நினைப்பு வந்ததா என்பது. ஒரு கிழமை அதில் நான் பூச்சியம் போடவில்லை. அதைக் கண்ட நீங்கள் மற்றவர்களுக்கு முன்னால் ஒரு சொல்லும் சொல்லவில்லை. வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு கதிரையைப் பக்கத்தில் இழுத்துப் போட்டு இருந்து, திட்டம் ஏதும் இருக்கிறதா, வீட்டில் யார் இருக்கிறார்கள், கூடினால் யாருக்குப் போன் எடுப்பீர்கள் என்று ஒளிவுமறைவில்லாமல் கேட்டீர்கள். அப்படி நேராகக் கேட்டதுதான் எனக்கு மூச்சு விட இடம் தந்தது. அடுத்த நாளும் போன் எடுத்து விசாரித்தீர்கள். நான் இருப்பதற்கு அந்த இரண்டு கதையும் காரணம்.

1995 யாழ்ப்பாண இடப்பெயர்வில் நாவற்குழிப் பாலத்தில் சனத்துக்குள் நெரிபட்டு நின்ற இரவைப் பற்றி நான் ஒருநாள் தொடங்கியபோது, அதை அன்போடு நிறுத்தியதற்கும் நன்றி. அப்போது கொஞ்சம் முகம் சுருங்கியது உண்மை. ஆனால் அப்படியான காயத்துக்கு இந்த வகுப்பு காணாது, மற்றவர்களுக்கும் பாரமாகலாம், அதற்குத் தனியாக ஒருவரோடு இருந்து செய்கிற சிகிச்சை இருக்கிறது என்று விளக்கிப் பெயரும் பதிந்து விட்டீர்கள். அதற்குக் காத்திருக்கிறேன். எங்கள் சனத்தில் பலருக்கு இரண்டும் கலந்துதான் இருக்கும், ஆகவே போனில் விசாரிக்கும்போதே போர்க்கால விசயங்களையும் சொல்லிவிடுங்கள்.

வேலைத்தல முதலாளித் தம்பி, காரணம் கேட்காமல் வகுப்பு நாளில் ஷிப்டை மாற்றித் தந்தீர்கள். நன்றி. மனைவிக்கு நன்றி என்று எழுதினால் கோபிப்பாள், ஆனாலும் எழுதுகிறேன்: நான் மேடையில் வெறுமனே நின்று பழகிய நாட்களில், ஒன்றும் கதைக்காமல் பக்கத்து வாங்கில் வந்து இருந்தாயே.

இப்போது எனக்கு எல்லாம் போய்விட்டது என்று இல்லை. சில இரவுகள் வரும். ஆனால் வந்தால் என்ன செய்வது என்று தெரியும், தாள்கள் எல்லாம் ஒரு கோப்பில் இருக்கின்றன, புள்ளியும் பாதிக்குக் கீழே வந்துவிட்டது.

இதை வாசிக்கிறவர்களுக்கு: இங்கிலாந்தில் இருந்தால் டோக்கிங் தெரபீஸ் பக்கத்தில் உங்கள் போஸ்ட்கோடைப் போட்டால் உங்கள் பகுதிச் சேவை வரும். ஆங்கிலம் கஷ்டம் என்றால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முதலே கேளுங்கள். குறூப் சரிவராது என்று பட்டால் அதையும் சொல்லலாம், வேறு வழிகள் இருக்கின்றன. வகுப்புவரை பொறுக்க முடியாத அளவுக்கு இருந்தால் 111 அடித்து இரண்டாவது தெரிவை அழுத்துங்கள், அல்லது மனம் விட்டுக் கதைக்கிற உதவித் தொலைபேசியான சமரிட்டன்ஸ் 116 123, இரண்டுமே எந்த நேரமும் எடுக்கலாம், காசு இல்லை. உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் 999.

ஹரோப் பக்கம் இருக்கிற யாராவது முதல் நாள் தனியாகப் போகத் தயங்கினால் எனக்கு ஒரு செய்தி போடுங்கள். பகலில் எனக்கு வேலை இல்லை, வகுப்பு வாசல்வரை நான் கூட வருகிறேன்.