பெயர் வேண்டாம், நம்பர் போடு

ஆசிரியருக்கு வணக்கம்.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஒரே கம்பெனியில் ஒரு வருஷம் தாக்குப்பிடிக்க முடியவில்லை என்று சென்ற வாரம் ஒரு வாசகர் குறைபட்டிருந்தார். நானும் அதையேதான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். எனக்கு ஆந்திராவின் ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் ஒரு பெரிய கம்பெனியில் லைன் சூப்பர்வைசர் வேலை. வீடு தமிழ்நாட்டு எல்லையோரத்து ஆரம்பாக்கம், கம்பெனி பஸ் ஏறிக் கண்ணயர்வதற்குள் ஆந்திரா வந்துவிடும். லைனில் பாதிப்பேர் சூலூர்பேட்டைப் பக்கத்துத் தெலுங்குப் பிள்ளைகள், மீதி சத்தியவேடு பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகள். 1960-ல் திருத்தணி நம் பக்கம் வந்தபோது பதிலுக்கு அந்தப் பக்கம் போன ஊர்க்காரர்கள். வீட்டில் பேசுவது தமிழ், பள்ளியில் படித்தது தெலுங்கு.

போன வருஷம் கம்பெனியில் கருத்துக் கேட்புப் படிவம் கொடுத்தார்கள். 'பெயர் எழுத வேண்டாம், மனம் திறந்து எழுதுங்கள்' என்று மேலே கொட்டை எழுத்து. அதற்குக் கீழேயே எம்ப்ளாயி நம்பருக்குக் கட்டம். 22 வயதுப் பெண் ஒருத்தி, "பேரு வேணாம்னா நம்பர் எதுக்கு சார்?" என்றாள். "பேசாம எல்லாத்துக்கும் அஞ்சு போடும்மா" என்றேன். போட்டாள். எல்லாரும் போட்டார்கள்.

நிஜக் கருத்து டீ டைமில்தான் வந்தது. 2023-ல் தமிழ்நாட்டில் 12 மணி நேர வேலை மசோதாவைக் கொண்டுவந்து திரும்பப் பெற்றதும், 2025-ல் ஆந்திராவில் 9 மணி நேர வரம்பை 10 ஆக்க முடிவெடுத்ததும் அவர்களுக்கு அத்துப்படி. ஆனால் எரிச்சல் அதில் இல்லை. ராத்திரி பத்தரைக்கு வாட்ஸ்அப்பில் 'நாளை ஏ ஷிப்ட்' என்று வருகிறதே, அதில்தான். அதைப் போடுவது நான். அப்புறம், மீட்டிங்குக்கு மீட்டிங் 'நாம் ஒரே குடும்பம்' என்கிறார்கள், ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி போக ஒருநாள் லீவு கேட்டால் முகத்தைச் சுளிக்கிறார்கள். அது என்ன குடும்பமோ!

என் மகளின் காதுகுத்துக்கே டபுள் ஷிப்ட் முடித்துவிட்டுத்தான் போனேன் என்று பெருமையடித்தேன். (தாய்மாமன் மடியில்தானே உட்கார வைப்பார்கள், அதனால் தப்பித்தேன்.) "அதுக்கு என்ன சார் குடுத்தாங்க?" என்றான் ஒரு பையன். டிபன் கேரியர் கொடுத்தார்கள். அப்போது நான் வேலை பார்த்த கும்மிடிப்பூண்டி யூனிட்டை மூடியபோது பி.எஃப். பணத்துக்கு ஆறு மாதம் அலைந்தேன். அதையும் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை.

இப்போது ஷிப்ட் மாற்றத்தைச் சாயங்காலம் ஆறு மணிக்குள் சொல்லிவிடுகிறேன். முடியாத நாளும் உண்டு. நம்பர் கட்டத்தை எடுக்கச் சொல்லி எச்.ஆரிடம் கேட்டேன், பார்க்கலாம் என்றார்கள்.

அந்தப் பெண் மார்ச்சில் வேலையை விட்டுவிட்டாள். விலகும் படிவத்தில், காரணம் என்ற இடத்தில் 'சொந்தக் காரணம்' என்று எழுதினாள். பக்கத்தில் நான் நின்றுகொண்டிருந்தேன்.

ஒரு லைன் சூப்பர்வைசர், ஆரம்பாக்கம்
(என் பெயரையும் போட வேண்டாம், நம்பரையும் கேட்க வேண்டாம்.)